பூசையா, அளவுகோலா?

விசைப்படகில் மரவேலை ஆசாரி ஒருவர், இஞ்சின் பொருத்துபவர் வேறொருவர். இருவரும் முன்கூட்டி அளவு பேசாவிட்டால் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். இது தங்கச்சிமடம் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2015 செப்டம்பர் 28-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் சங்கதியும் இதுதான். எக்ஸ் கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. ஆகவே தொலைநோக்கியையே 650 கிலோமீட்டர் உயரத்திற்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதிலுள்ள ஒரு தொலைநோக்கி பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாருடையது, அதன் காமிராவில் இங்கிலாந்தின் லெஸ்டர் சர்வகலாசாலையார் கூட்டு, கலமோ இஸ்ரோவினுடையது. அக்காமிரா பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 80 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். அதன் உஷ்ணத்தை வெளியேற்றும் தகடு கலத்தின்மேல் இருக்கிறது. எனவே தகடு எங்கே, எடை எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று மூவரும் முதலிலேயே ஒப்புக்கொண்டாக வேண்டும். பிறகு குலுக்கியும், காற்றில்லா அறையில் சூடாக்கிக் குளிரவைத்தும் பார்க்க வேண்டும். எங்கள் நிலையம்தான் பெரிது என்கிற ஜம்பம் அங்கே செல்லாது.

இத்தனையும் அறிந்த இஸ்ரோ தலைவர்கள், ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் எதற்கு? தகடு கோணலாயிருந்தால் ஏழுமலையான் நிமிர்த்துவாரா? ஐந்தாண்டுக்கென்று செய்த அக்கலம் அதைத் தாண்டியும் உழைத்தது. அந்தப் புகழ் திருகாணி முறுக்கியவனுக்கா, அர்ச்சகருக்கா என்று கேட்கிறோம்.