முழு விலையையும் வெள்ளையில் கேளுங்கள்

வீடு விற்கப்போகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் பேச்சுச் சாமர்த்தியத்தைப் பற்றியது. முதலில் கூட்டிச் சொல், பிறகு இறங்கி வா, அவசரத்தைக் காட்டிக்கொள்ளாதே, இன்னொருவரும் கேட்டிருக்கிறார் என்று சொல்லி வை. இதனால் ஒன்றிரண்டு லட்சம் கூடலாம், மறுக்கவில்லை. ஆனால் விலையின் பெரும்பகுதி, பேச உட்காருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த வீட்டை வாங்கக்கூடிய நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் அதை முடிவு செய்கிறது. நான்கு பேர் காத்திருந்தால் பேரம் பேசவே தெரியாதவருக்கும் நல்ல விலை வரும். ஒரே ஒருவர்தான் என்றால் எப்பேர்ப்பட்ட பேச்சுக்காரரும் இறங்கித்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டில் வீடு விற்கும் குடும்பங்கள் இந்த எண்ணிக்கையைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன. விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பதும், பத்திரங்களில் உள்ள குறையை அப்படியே விட்டுவைப்பதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

80 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் வீட்டுக் கடன் போட்டு வாங்க நினைக்கிறார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறினால் அவருக்கு 64 லட்சம் வரை கடன் கிடைக்கும். மிச்சம் 16 லட்சத்தையும், முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என ஏழு லட்சத்துச் சொச்சத்தையும் அவர் கையிலிருந்து போட வேண்டும். சேமிப்பு, நகை, பி.எஃப். என்று எப்படியாவது புரட்டிவிடக்கூடிய தொகை இது. இதே வீட்டுக்கு, "50 வெள்ளை, 30 கறுப்பு" என்று விற்பவர் சொன்னால் என்ன ஆகும்? வங்கி 50 லட்சத்திலிருந்து கணக்குப் போடும். கடன் 40 லட்சமாகச் சுருங்கும். பதிவுச் செலவில் 2.70 லட்சம் மிச்சமானாலும், வாங்குபவர் தன் கைப்பணமாக 40 லட்சம் காட்ட வேண்டும், அதில் 30 லட்சத்தை நோட்டாக எண்ணி வைக்க வேண்டும். எந்தச் சம்பளக்காரரால் முடியும்? பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம், பெற்றோர் வீட்டுக்குப் பக்கம் என்று அந்தத் தெருவிலேயே வீடு தேடி அலைந்தவர் அவர். இன்னும் இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுக்கக்கூடியவரும் அவரே. அவர் விலகிப் போனபின் மிஞ்சுவது ரொக்கம் வைத்திருக்கும் மனை வியாபாரி. அவருக்கு இந்த வீடுதான் வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அடித்துப் பேசுவதே அவர் தொழில்.

வரி மிச்சமாகுமே என்பார்கள். எவ்வளவு மிச்சமாகும் என்று பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கையிலிருந்த வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி இப்போது 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையில் வரி குறைவாக வந்தால் அதன்படியே கட்டலாம். ஆக, மறைக்கும் ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் மிச்சமாவது ஒன்றேகால் லட்சம். பழைய முறையிலும் 2 லட்சம். செஸ், சர்சார்ஜ் சேர்த்தாலும் இதிலிருந்து பெரிதாக மாறாது. கிடைத்த ஆதாயத்தைப் போட்டு இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ அந்த வரியும் சட்டப்படியே இல்லை. எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாக விதிக்க 2015 ஜூனிலிருந்து சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதம் விழுவது வாங்கிய கைக்கு, அதாவது விற்பவருக்கு. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறியதாக வழக்கிலோ பதிவுக்கு வரும் ஆவணத்திலோ தெரிந்தால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. 2 லட்சத்துக்காக 10 லட்சத்தைப் பணயம் வைப்பதை நான் சாமர்த்தியம் என்று சொல்லமாட்டேன்.

வாங்குபவரே குறைத்துப் பதியச் சொல்கிறார், என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. 9 சதவீதப் பதிவுச் செலவு மிக அதிகம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. 2017 முதல் 2023 மார்ச் வரை அது 11 சதவீதமாக இருந்தது. 2023-ல் பதிவுக் கட்டணத்தைப் பாதியாக்கிய அரசு, வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்தைய அளவுக்கு உயர்த்தியதால் பல இடங்களில் பாரம் குறையவே இல்லை. அரசு இதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செலவு வாங்குபவருடையது. குறைத்துப் பதிந்தால் மிச்சம் அவருக்கு, அபராத ஆபத்து விற்பவருக்கு. அப்படியானால் அது விற்பவர் கொடுக்கும் சலுகை. அதைச் சும்மா கொடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. வாங்குபவருக்கும் இதில் நீண்ட கால லாபம் கிடையாது. இன்று 10 லட்சம் மறைத்து 90,000 ரூபாய் மிச்சம் பிடிப்பவர், நாளை அந்த வீட்டை முழு விலைக்கு விற்கும்போது அதே 10 லட்சம் அவருடைய ஆதாயமாகக் கணக்கில் வந்து நிற்கும். அதற்கு வரி ஒன்றேகால் லட்சம். பேச்சின்போது இந்தக் கணக்கை எடுத்துச் சொன்னால் பலர் கேட்டுக்கொள்வார்கள்.

அடுத்தது பத்திரம். விற்பனைக்கு ஆறு மாதம் முன்பே வில்லங்கச் சான்றை எடுத்து, வாங்குபவரின் வக்கீல் படிப்பதுபோல வரி வரியாகப் படிக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் அடைத்த வீட்டுக் கடன் அதில் இன்னமும் எம்.ஓ.டி. (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம்) என்று நின்றுகொண்டிருக்கும். வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது, ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதை யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியவில்லை. பட்டா தாத்தா பெயரில் இருக்கும். வீட்டு வரி அப்பா பெயரில் வரும். அப்பா உயிலெழுதாமல் இறந்திருப்பார். கல்யாணமாகிப் போன பெண்களின் கையெழுத்து எதற்கு என்று அண்ணன் தம்பிகள் நினைத்திருப்பார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டமானது. இறந்த தகப்பனின் தனிச் சொத்தில் அதற்கும் முன்பிருந்தே அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களைக் கேட்காமல் விற்பது தவறு. அவர்கள் கையெழுத்தில்லாத பத்திரத்துக்கு எந்த வங்கியும் கடன் தராது. இவற்றில் எதுவும் தீராத சிக்கல் கிடையாது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், ரசீது பதிவு எல்லாம் சில வாரம், சில மாத வேலை. ஆனால் விலை பேசி முடித்த பிறகு வாங்குபவரின் வக்கீல் கண்டுபிடித்தால், சில ஆயிரம் ரூபாயில் சரியாகியிருக்க வேண்டிய குறைக்கு ஐந்து லட்சம் குறைக்கச் சொல்வார்கள். அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்துவிட்ட விற்பவரும் ஒப்புக்கொள்வார்.

விற்கிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அக்ரிமென்ட். 80 லட்சத்துக்குப் பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் கெடு கேட்பார்கள். அந்த ஒப்பந்தத்தின் நடுவில், கிரயத்தைத் தங்களுக்கோ அல்லது தாங்கள் கோரும் நபருக்கோ எழுதித் தருவதாக ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, ஒப்பந்தம் போட்டவர் 90 லட்சத்துக்கு வேறொருவரைத் தேடுவார். கிடைத்தால் 10 லட்சம் அவருக்கு. கிடைக்காவிட்டால் கெடுவை நீட்டக் கேட்பார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிந்ததும் அது வில்லங்கத்தில் ஏறும்; ரத்து ஆவணம் பதியும்வரை வேறு யாரும் அந்த வீட்டைத் தொடமாட்டார்கள். 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லி வாங்குபவர் வழக்குப் போட்டால் நீதிமன்றம் அதை விருப்பப்படி மறுக்கும் இடமும் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆகவே தொகையில் இரண்டு லட்சம் விட்டுக்கொடுத்தாலும் கெடுவில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வங்கிக் கடன் போட்டு வாங்குபவருக்கு மூன்று மாதம் தாராளம். பத்து சதவீதத்துக்குக் குறையாத அட்வான்ஸ், அதுவும் வங்கி வழியாக. 'தாங்கள் கோரும் நபருக்கோ' என்பதை எடுத்துவிட்டு, ஒப்பந்தத்தில் வாங்குபவரின் பெயர் மட்டும்.

கூட்டிச் சொல்லி இறங்கி வருவது பற்றிச் சுருக்கமாக. தனி வீடு என்றால் வாங்குபவர் மனையைத்தான் முதலில் எடைபோடுகிறார். சென்னையின் பழைய அடுக்குமாடிகளில் யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்றே கேட்கிறார். முப்பது வருடத்துக்கு முன் ஆசையாகப் போட்ட தேக்கு நிலையும் பூஜை அறைக் கதவும் விற்பவருக்குப் பெரிய விஷயம், ஆனால் விலையில் அவை ஏறுவது அபூர்வம். ஊர் நிலவரத்தைவிட 20 லட்சம் கூட்டிச் சொன்ன வீடு ஒரு வருடம் விற்காமல் கிடந்தால், அதில் ஏதோ வில்லங்கம் என்று தரகர்களே பேசத் தொடங்குவார்கள்.

இதற்கெல்லாம் அவகாசம் இருப்பவர்களுக்குச் சரி, மருத்துவச் செலவுக்கோ கல்யாணத்துக்கோ உடனே பணம் வேண்டியவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். மிக வலுவான ஆட்சேபம் இதுதான். 15 லட்சம் அவசரமாக வேண்டியவர், 80 லட்சம் வீட்டை ஒரே மாதத்தில் 72-க்குத் தள்ளிவிட்டால் இழப்பு 8 லட்சம். அந்த 15 லட்சத்தை அதே வீட்டின் பேரில் கடனாக வாங்கினால், ஆண்டுக்கு 11 சதவீத வட்டி என்று வைத்தாலும் ஆறு மாதத்துக்கு 82,500 ரூபாய்தான் ஆகிறது. வங்கியின் இதரக் கட்டணங்களைச் சேர்த்தாலும் எட்டு லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அடமானம் வில்லங்கத்தில் ஏறுமே என்றால், வாங்குபவரின் வங்கி அந்தக் கடனை நேராக அடைத்துவிட்டுப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்வது வழக்கமாக நடப்பதுதான். வருமானமில்லாத முதியவருக்கு மட்டும் தனியாகக் கடன் கிடைப்பது கஷ்டம். அங்கே பிள்ளைகள் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்குத் தயாராக இருக்கிறார்களா என்பதை, தரகரைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.