லயத்து வீடு யார் வீடு?



குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவினோம், செம்பனைக் குலை வெட்டினோம். நம் பிள்ளைகள் செம்மண் பாதையில் மோட்டார் ஏறி பாசீர் கூடாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். இரவில் திரும்புவதோ நிர்வாகத்தின் லயத்திற்கே!

தோட்டத் துண்டாடல் நம்மைத் துரத்திய காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகப் போட்ட காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அந்தத் துணிவு இன்று எங்கே?

1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குத் தண்ணீர், மின்சாரம் கேட்கிறது. வீட்டை நம் பெயருக்கு எழுதச் சொல்லவில்லை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி பட்டாவில் பெயர் உள்ளவரே உரிமையாளர். நாற்பது ஆண்டு குடியிருந்தாலும் லயம் பட்டா ஆகாது!

ஆகவே, உடலில் தெம்பு இருக்கும்போதே சொந்த வீட்டுக்கு வழி தேடுங்கள். ஊழியர் சேமநிதியில் வீட்டுக்கென எடுக்கக்கூடிய பணத்தை வேறு செலவுக்குத் தொடாதீர்கள். முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். மாற்று வீடு தருவதாக நிர்வாகம் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தோட்டமே திரண்டு போங்கள்!