வாத்தியாரைப் பாராளுமன்றம் அனுப்பிய வாக்கு

சி.வி. வேலுப்பிள்ளையின் பெயர் நமது கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. மக்கள் கவிமணி என்று படத்துக்கு மாலை போடுகிறோம். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் என்கிறோம். அவர் வாத்தியாராக இருந்தவர், நமது வாக்கில் பாராளுமன்றம் போனவர் என்பதை மட்டும் ஏனோ அரை வரியில் முடித்து விடுகிறோம். இன்று நமக்கு அதிகம் வேண்டியிருப்பது அந்த அரை வரிதான்.

1914 இல் வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தார். கங்காணிக் குடும்பம். லயத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத படிப்பு அவருக்குக் கிடைத்தது. அட்டனில் படித்தார், கொழும்பு நாலந்தாவில் படித்தார், ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். அப்படிப்பட்டவர் ஆசிரியத் தொழிலோடு நின்றிருந்தால் துரைமாரும் மதித்திருப்பார்கள், ஊரும் மதித்திருக்கும். அவரோ பிரட்டுக்களத்தில் நின்ற சனத்தின் பக்கம் வந்தார்.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். தலவாக்கலைத் தொகுதிக்கு சி.வி. கொழுந்து பறித்த கையும் கவ்வாத்து வெட்டிய கையும் போட்ட வாக்கு அது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். வகுப்பில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவர், தன்னை அனுப்பிய மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்படுவதைப் பாராளுமன்றத்தில் இருந்தே பார்க்க வேண்டியதாயிற்று. 1952 இல் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட காங்கிரசுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தோட்ட மக்கள் தமது வாக்கினால் மீண்டும் ஒருவரை அனுப்ப 1977 வரை காத்திருந்தார்கள்.

பதவி ஒரே தவணைதான். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்தக் காலமே பெரிது என்பது நமது எண்ணம். தொழிற்சங்கத்தில் இருந்தார். 'வீடற்றவன்' எழுதினார். தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் பாடி வெளியுலகத்துக்குக் காட்டினார். ஓட்டு இல்லாத சனத்திடம் உட்கார்ந்து, அவர்கள் வாயில் இருந்த பாட்டை எழுதி எடுத்தார். அதனால் அவருக்கு ஒரு வாக்கும் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்தார். 1984 இல் மறைந்தார்.

இப்போது நமது லயங்களிலிருந்து ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அம்மா கொழுந்து பறித்த காசில் படித்தவர்கள். சிலர் அரசியலிலும் இருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் டவுனில் வீடு எடுத்ததும் தோட்டத்துப் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களையும் பார்க்கிறோம். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சங்கமும்தான் அவர்களை மே தினத்தில் மைக் பிடிக்கவும், தொழில் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதவும் மட்டும் கூப்பிடுகிறது. சந்தா கட்டாதவர் என்று கமிட்டியில் இடம் கொடுப்பதில்லை. பிறகு ஒரு தேர்தல் வந்ததும் படித்தவர் யாராவது உண்டா என்று ஓடித் திரிகிறோம்!

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் தோட்டத்து ஆசிரியர்களும் தலைவர், தலைவிமாரும் ஒன்றாக உட்கார வேண்டும். சம்பளச் சீட்டில் எது எதற்கு வெட்டுகிறார்கள், சேமலாப நிதி ஒழுங்காகப் போகிறதா, காணி உறுதி என்று தரும் கடதாசியில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாத்தியார்கள் வாசித்துச் சொல்லட்டும். எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதைச் சங்கம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அங்கே இரண்டு வருடம் முகம் காட்டியவர்களிடையே இருந்து வேட்பாளரைத் தேடலாம். இதை வரும் கமிட்டிக் கூட்டத்திலேயே எடுத்துப் பேசும்படி கேட்கிறோம்.