டீ கிளாஸுக்கு அடியில் பொன்முடி

மேசையில் வைக்கும் கிளாஸுக்கு அடியில் போடுகிற சின்னத் தட்டுதான் கோஸ்டர். தமிழில் இதற்கென்று ஊன்றிய சொல் எதுவும் இல்லை. தேவையும் அதிகம் இருக்கவில்லை. உருண்டை அடிப் பானைக்கு வைக்கோலிலும் தேங்காய் நாரிலும் திரித்த பிரிமணை இருந்தது. காபித் தம்ளருக்கு டவரா இருந்தது. டவரா இல்லாத கண்ணாடி கிளாஸும் பாலிஷ் போட்ட மர மேசையும் ஒரே வீட்டுக்குள் வந்த பிறகுதான் வெள்ளை வளையம் என்கிற தொல்லை தொடங்கியது. சூடான கிளாஸின் அடியில் சிக்கிய நீராவி பாலிஷுக்குள் புகுந்து நுண்துளிகளாகத் தங்கிவிடும். அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். குளிர்ந்த சர்பத் கிளாஸ் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மீது வியர்த்து, வழிந்து, அடியில் தேங்குகிறது.

ஐரோப்பாவில் இந்தத் தட்டு பெரும்பாலும் தாள் சாதிதான். ஜெர்மனியில் மாக்டபர்க் அருகே அச்சகம் வைத்திருந்த ஃப்ரீட்ரிஷ் ஹார்ன் 1880-இல் அட்டையில் பீர் தட்டுகளை அச்சடித்தார். 1892-இல் டிரெஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் ஸ்புட் மரக்கூழை அச்சில் வார்த்துக் காயவைத்து, 107 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. கனமும் கொண்ட வட்டுகளாகச் செய்யக் காப்புரிமை பெற்றார். அவை ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். ஊறிப்போனால் தூக்கி எறியலாம். நினைவுச் சீட்டுகளைக் கொண்டு வீட்டில் செய்யும் கோஸ்டர் இதற்கு நேர்மாறானது. அது ஈரத்தைக் குடிக்கவே கூடாது. செய்முறை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடிக்கு ஒரு நாள் போய்வந்தவரின் சட்டைப்பையை உதறினால் என்னென்ன விழும்? நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறும் கேரள அரசுப் பேருந்தின் டிக்கெட். கல்லாறில் வனத்துறை வாங்கிக்கொண்டு தரும் நுழைவுச் சீட்டு. மலையில் குடித்த டீக்கும் வடைக்கும் ஒரு பில். வழியில் வாங்கிய தேயிலைப் பொட்டலத்தின் உறை. 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றின் எண் பலகையோடு எடுத்த புகைப்படம். பரிசு விழாத லாட்டரிச் சீட்டு. எல்லாமே காகிதம் என்று ஒரே பசையில் முக்கினால் பாதி பாழாகும். ஒவ்வொன்றும் வெவ்வேறு காகிதம்; சூட்டையும் நீரையும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தாங்கும்.

மிக ஆபத்தானது பஸ் டிக்கெட்டுதான். நடத்துநரின் கையடக்க இயந்திரத்திலிருந்து வரும் சீட்டு பெரும்பாலும் வெப்பத்தாள். அதில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சிலேயே நிறமற்ற சாயமும் அதைக் கறுக்க வைக்கும் அமிலப் பொருளும் கலந்திருக்கின்றன. இயந்திரத்தின் சூடான முனை பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்ந்து எழுத்தாகின்றன. சூடு எங்கிருந்து வருகிறது என்பது அந்தத் தாளுக்கு ஒரு பொருட்டல்ல. அடுப்பிலிருந்து இறங்கிய டீ கிளாஸை வைத்தாலும் அது 'அச்சடிக்கும்': வட்டமாக ஒரு கறுப்பு வளையம். ஸ்பிரிட் கலந்த வார்னிஷ் பட்டால் சீட்டு முழுவதுமே கறுத்துவிடும். எண்ணெயோ சில வகைப் பிளாஸ்டிக் உறைகளோ பட்டால் எழுத்து அடியோடு மறைந்துபோகும். டிக்கெட், ஏடிஎம் சீட்டு, ஓட்டல் பில் எதுவானாலும் ஒரு சோதனை போதும். ஓர் ஓரத்தை நகத்தால் அழுத்திக் கீற வேண்டும். கறுப்புக் கோடு விழுந்தால் வெப்பத்தாள்; அதை ஒட்டும் எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

கையால் எழுதிய தாள்களில் தொல்லை மையில் இருக்கிறது. இன்லண்டு கடிதத்தில் ஊற்றுப்பேனா மை இருந்தால் நீர் கலந்த பசையில் கரைந்து ஓடும். பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஆனால் வார்னிஷிலுள்ள கரைப்பான் அதை இளக்கிவிடும். இங்க்ஜெட்டில் எடுத்த படமும் ஈரம் பட்டால் கசியும். ஸ்டுடியோவில் கழுவிய பழைய புகைப்படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். நனைந்தால் ஊதி ஒட்டும். ஆபத்தில்லாதவை அச்சகத்தில் அடித்தவை: தேயிலை உறை, வரைபடம், அச்சிட்ட நுழைவுச் சீட்டு, பழைய ரயில் அட்டை டிக்கெட். அந்த அட்டை டிக்கெட்டின் அளவு ஏறக்குறைய 57-க்கு 30 மி.மீ. கோஸ்டரின் அடிப்பலகையாகும் 10 செ.மீ. ஓட்டில் மூன்றை நிற்க வைத்து அடுக்கினால் கச்சிதமாக உட்காரும். செய்தித்தாள் ஒட்டலாம், ஆனால் அதிலுள்ள மரக்கூழின் லிக்னின் வெயில் பட்டுச் சில மாதங்களில் பழுப்பாகும். பழுப்பும் ஓர் அழகுதான் என்பவருக்கு ஆட்சேபமில்லை.

இத்தனைக்கும் ஒரே விடை ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. லேசர் கலர் நகலில் இருப்பது மை அல்ல, தாளின்மேல் உருக்கிப் பதித்த பிளாஸ்டிக் தூள். நீரில் கரையாது, வெப்பத்தாள்போல் டீச் சூட்டில் கறுக்கவும் கறுக்காது. மூலத்தை ஆல்பத்தில் வைத்துவிட்டு 100 ஜிஎஸ்எம் தாளில் எடுத்த நகலை ஒட்டுவதே புத்திசாலித்தனம். நகல் என்றால் 'அசல் தன்மை' போய்விடுமே என்று தயங்குகிறவர்கள் உண்டு. பஸ் டிக்கெட் வெறுமனே அலமாரியில் கிடந்தாலே சில ஆண்டுகளில் தானாக வெளுத்துப்போகும். அதற்கு நகலே நீண்ட ஆயுள்.

லாட்டரிச் சீட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1967-இல் கேரள அரசு தொடங்கிய லாட்டரியின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26-இல் நடந்தது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடை செய்யப்பட்டதால், நாகர்கோவில் பக்கமிருந்து போகிறவருக்கு அந்தச் சீட்டே எல்லை தாண்டியதன் அடையாளம். பல வண்ண அச்சும் நுணுக்கக் கோடுகளுமாக, கோஸ்டருக்கென்றே அடித்ததுபோல் இருக்கும். முடிவு பார்க்கும் வரை பசையைத் தொடக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரிசுச் சீட்டை ஒப்படைக்கக் குலுக்கல் நாளிலிருந்து குறிப்பிட்ட தவணை உண்டு.

ஒட்டக் கூடாதவையும் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையைக் கோஸ்டராக்கலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். ஆனால் அதன் தலையில் பிள்ளையார் இருப்பார். எச்சில் கிளாஸை அவர்மேல் வைக்க எந்த வீட்டுப் பெரியவரும் சம்மதிக்க மாட்டார். சாமி படத்தையும், மேலுலகம் போனவர்களின் பெயர் உள்ள பகுதியையும் வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்துப் பூவேலையை மட்டும் பயன்படுத்தலாம். மஞ்சள் தடவிய மூலைகள் நிற்காது. மஞ்சளின் நிறம் ஒளியில் வெளுக்கும், சோப்பு நீர் பட்டால் சிவக்கும். பொன்முடியின் சோலையில் இலையோ பூவோ பறித்து ஒட்டும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். அது வனத்துறையின் இடம்.

அடிப்பலகைக்கு மிகச் சிறந்தது குளியலறைச் சுவரில் பதிக்கும் 4 அங்குல வெள்ளை ஓடு. வீடு கட்டுமிடங்களில் மிச்சம் கிடக்கும், கடையிலும் சில ரூபாய்தான். கனமானது, சூட்டுக்கு அசையாது, வளையாது. எம்டிஎஃப் பலகை வெட்டச் சுலபம், ஆனால் ஓரத்தில் நீர் ஏறினால் பொரிபோல் உப்பிவிடும். பழைய சிடி மெல்லியது, நடுவில் ஓட்டையும் உண்டு. அதைப் பரிந்துரைப்பவர்கள் சூடாக எதுவும் குடிப்பதில்லை போலிருக்கிறது.

ஓட்டின் வழவழப்பான முகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். தாளை ஓட்டைவிட எல்லாப் பக்கமும் 4, 5 மி.மீ. சிறிதாக வெட்டுவது அவசியம். ஓரம் வரை தாள் போனால் ஈரம் முதலில் நுழைவது அங்கேதான். அந்த விளிம்பு வெறும் ஓடாக இருந்தால் மேற்பூச்சு அதைப் பற்றிக்கொண்டு முத்திரை வைத்ததுபோல் அடைத்துவிடும். பசைக்கு ஃபெவிகால் போதும். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். நனைந்த தாள் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே விரியும். விரிவதற்குமுன் ஒட்டினால் பிறகு சுருக்கம் எழும். ஆகவே தாளின் முதுகில் பசை தடவி ஒரு நிமிடம் காத்திருந்து, பின் வைத்து, பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் நடுவிலிருந்து வெளிப்புறமாக வழிக்க வேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் ஊசியால் குத்தி அழுத்தலாம். ஓர் இரவு முழுக்கக் காய வேண்டும். மறுநாள் மேலே அதே பசையை மெல்லியதாக இரண்டு முறை, முதல் பூச்சுக்குக் குறுக்காக அடுத்தது.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் பிழை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை காய்ந்தாலும் சூட்டில் இளகும், ஈரத்தில் மறுபடி பிசுபிசுக்கும். டீ குடித்துவிட்டுக் கிளாஸைத் தூக்கினால் கோஸ்டரும் கூடவே எழும். பிடுங்கினால் பொன்முடி கிளாஸோடு போய்விடும். 1,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது உண்மைதான், அந்த நாலு டிகிரி தள்ளுபடி பசைக்கு உதவாது. எனவே மேற்பூச்சு தனிப்பொருளாக இருக்க வேண்டும். மர வேலைக்கு அடிக்கும் தெளிவான பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கை, ஒவ்வொரு கைக்கும் நடுவே 400 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசான தேய்ப்பு. பளபளப்பைவிட மங்கல் வகை நல்லது. கண்ணாடிபோன்ற பரப்பில் தேங்கிய நீர் கிளாஸின் அடியைக் கவ்விப் பிடிக்கும்.

எபாக்ஸி ரெசின் ஊற்றுவது இப்போது நாகரிகம். 10 செ.மீ. ஓட்டில் 2 மி.மீ. தடிமனுக்கு 20 மில்லி வேண்டும். கலவை விகிதம் புட்டியில் எழுதியபடிதான், கண்ணளவு உதவாது. கையுறையும் திறந்த ஜன்னலும் தேவை. தாளைப் பசையால் நன்கு மூடாமல் ஊற்றினால் ரெசின் தாளுக்குள் ஊறி, எண்ணெய்த் தாள்போல் ஆக்கி, பின்பக்க எழுத்தைத் தலைகீழாகக் காட்டிவிடும். அழகு சந்தேகமில்லை, சூடுதான் சிக்கல். கைவினைக்கு விற்கும் பல ரெசின்கள் 50, 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கி, கிளாஸின் தடத்தை வாங்கிக்கொள்ளும். சர்பத்துக்கு ரெசின், டீக்கு வார்னிஷ் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பருவமும் பார்க்க வேண்டும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையிலும் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊர் பொன்முடி. அந்த ஈரத்தில் ஸ்பிரே வார்னிஷ் பால்போல் வெளுக்கும். ரெசினின் கடினமாக்கி காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் வினைபுரிந்து, பிசுக்கான படலத்தை மேலே விடும். தை, மாசியே இந்த வேலைக்குத் தோது. மழைக்காலத்தில் டிக்கெட்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்கலாம்.

வார்னிஷ் தொட்டால் ஒட்டாது என்பது காய்ந்ததற்கு அடையாளம், இறுகியதற்கு அல்ல. ஒரு வாரம் காற்றாட வைத்து, பிறகு சூடான கிளாஸைப் பத்து நிமிடம் வைத்துச் சோதிக்க வேண்டும். தடம் விழுந்தால் இன்னொரு வாரம். முதல் மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளும், நடுவே தாள் வேண்டும். கழுவக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

கடைசி வேலை அடிப்பக்கம். ஓட்டின் முதுகு சொரசொரப்பானது, மேசையைக் கீறும். கார்க் தாளை ஒட்டலாம். ரப்பர் கேரளத்தில் எங்கும் கிடைக்கும் என்றாலும் சில பாலிஷ்களில் கறை விடும், ஆகவே வேண்டாம். கார்க்கை முழுச் சதுரமாக ஒட்டாமல் நான்கு மூலைகளில் நாலு வட்டமாக ஒட்டினால் நடுவில் இடம் மிஞ்சும். போன தேதியையும் கூட வந்தவர்களின் பெயர்களையும் மார்க்கர் பேனாவால் அங்கே எழுதிவைக்கலாம்.