தோட்டத் துரையும் சூனியக்காரியும்

கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தோழி பையிலிருந்து ஒரு ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். விக்கா சமயத்தின் மூலிகைப் புத்தகம். “படிச்சுப் பாருங்க. பெண்தான் தெய்வம், பெண்தான் பூசாரி, பச்சிலைதான் பிரசாதம். சூனியக்காரின்னு சொல்லி நெருப்புல போட்டாங்களே, அந்தப் பொம்பளைங்களோட மதம் இது. நமக்கு ரொம்ப நெருக்கமானது” என்றார்.

படித்தேன். நெருக்கமானதா என்று கேட்டு எழுதுகிறேன்.

புத்தகத்தில் இருப்பதை முதலில் சொல்லிவிடலாம். விக்காவில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கிரகம், ஒரு பூதம், ஒரு தெய்வம், ஒரு சக்தி என்று கணக்கு இருக்கிறது. ரோஸ்மேரி காவலுக்கும் ஞாபகத்துக்கும். நம்ம மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த மக்வொர்ட் கனவுக்கு. தலையணைக்குள் வைத்துத் தைப்பார்கள். சதாப்பு இலை கண்ணேறு கழிக்க. இலை அறுப்பதற்கென்று வெள்ளைப் பிடி போட்ட கத்தி தனி. கறுப்புப் பிடிக் கத்தி சடங்குக்கு மட்டும். வளர்பிறையில் பறித்தால் பெருக்கும், தேய்பிறையில் பறித்தால் போக்கும். துணியில் முடிந்து வைத்துக்கொள்வது, புகை போடுவது, எண்ணெயில் ஊறவைத்து மெழுகுவத்தியில் தடவுவது, குளிக்கிற தண்ணியில் போடுவது. யாருக்கும் கேடு செய்யக் கூடாது என்பது அவர்களுடைய விதி. இதிலெல்லாம் எனக்குச் சண்டை கிடையாது. எங்க தெருவில் பேய்மிரட்டி இலையைப் புகை போடாத வீடு இல்லை. இலை மேல் நம்பிக்கை வைக்கிறவர்களை நான் எதுக்குக் கேலி பண்ணணும்? ‘யாருடையது’ என்கிற இடத்தில்தான் சண்டை.

இந்த மதத்தை உலகத்துக்குச் சொன்னவர் ஜெரால்ட் கார்ட்னர் என்கிற ஆங்கிலேயர். 1884-இல் பிறந்தவர். சூனியத்துக்கு எதிரான பழைய சட்டத்தை பிரிட்டன் 1951-இல் ரத்து செய்தது. மூணு வருசம் கழித்து, 1954-இல் அவருடைய புத்தகம் வந்தது. பழங்காலத்திலிருந்து ரகசியமாகப் பிழைத்து வந்த மந்திரக்காரிகளின் மதம், தான் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவன் என்று எழுதினார். மார்கரெட் மர்ரே 1921-இல் சொன்ன கருத்து அதற்கு அடித்தளம். அந்தக் கருத்தை வரலாற்றாசிரியர்கள் எப்போதோ தள்ளுபடி செய்துவிட்டார்கள். தொன்றுதொட்டு என்று சொல்லப்படுவதை எங்கே கண்டாலும் தோண்டிப் பார்க்கணும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கு முன்னால் கார்ட்னர் என்ன செய்துகொண்டிருந்தார்? இதைத் தோழி சொல்லவில்லை, புத்தகமும் சொல்லவில்லை. 1900-இல் பதினாறு வயசில் சிலோனுக்குப் போனார். மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தொழில் படித்தார். பிறகு போர்னியோ, மலாயா ரப்பர் தோட்டங்கள். அப்புறம் மலாயாவில் சுங்க அதிகாரி. 1936-இல் ஓய்வு. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவர்கள் யார்? பஞ்சம் துரத்த, கங்காணி ஓட்டிக்கொண்டு போன நம்ம ஆட்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் வீட்டுப் பெண்கள். மலாயா ரப்பர் காட்டிலும் பால் வெட்டியதில் பெரும்பகுதி அவர்கள்தான். பச்சிலைச் சமயத்தின் முதல் ஆசாரியர், இலை பறிக்கிற பெண்களின் முதுகில் ஓடிய ஒரு தொழிலில் சின்னத்துரையாக வாழ்க்கையைத் தொடங்கியவர்! நல்ல துரையா கெட்ட துரையா என்பது என் கேள்வி அல்ல. டயாக்குகளின் சடங்கையும் மலாய்க்காரர்களின் கத்தியையும் ஆசையோடு பார்த்தவர் அவர். மலாய்க் கத்திகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஒடுக்கப்பட்டவர்களின் மந்திரத்தைத் தேடுகிறவருக்கு அது எங்கேயும் கிடைக்கும். வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்ளவேண்டிய கட்டாயம்தான் வராது.

சரி, அந்த முன்னோர்களுக்கு வருவோம். தொண்ணூறு லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்று விக்கா வட்டாரத்தில் ரொம்ப நாள் சொல்லிவந்தார்கள். பொய்க் கணக்கு. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டு வரை ஐரோப்பா முழுக்க நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் என்பதுதான் இன்றைக்கு ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிற கணக்கு. ஏன், அறுபதாயிரம் போதாதா? எண்ணிக்கையைப் பெருக்கினால்தான் கொலை கொலையாகுமா? அதில் ஆண்களும் உண்டு. எல்லாரும் மருத்துவச்சிகளும் இல்லை. இங்கிலாந்தில் எரிக்கவும் இல்லை, தூக்கில் போட்டார்கள். அவர்களில் யாரும் பழைய தெய்வத்தைக் கும்பிட்டதாகச் சான்று கிடையாது. ஏழைக் கிறிஸ்தவர்கள்.

ஆனால் அவர்களில் பச்சிலை தெரிந்த கைகளும் இருந்தன. ஸ்காட்லாந்தில் ஆக்னஸ் சாம்ப்சன் பிரசவம் பார்த்தவர், நோய் தீர்த்தவர். அரசன் ஆறாம் ஜேம்ஸ் தானே உட்கார்ந்து விசாரித்தான். தலைமயிரை மழித்து, வாயில் இரும்பை மாட்டி, தூங்கவிடாமல் வதைத்து, 1591-இல் கழுத்தை நெரித்து எரித்தார்கள். நோயாளிகளைக் குணமாக்கியதே குற்றப்பட்டியலில் இருந்தது. 1612-இல் பென்டில் காட்டுப் பக்கம் நடந்தது இன்னும் கேவலம். அலிசன் டிவைஸ் என்கிற பிச்சைக்காரக் குடும்பத்துப் பெண் ஒரு யாவாரியிடம் குண்டூசி கேட்டாள். அவன் தரவில்லை. கொஞ்ச தூரம் போய் அவன் சுருண்டு விழுந்தான். அதிலிருந்து கிளம்பி பத்துப் பேரைத் தூக்கில் போட்டார்கள். அவளுடைய பாட்டி வைத்தியம் பார்த்துவந்த கிழவி. தூக்குக் கயிறு வருமுன்பே சிறையில் செத்துப்போனாள். குண்டூசி வாங்கக் காசில்லாதவள் சூனியக்காரி. நாற்பத்திரண்டு டாலர் வைத்திருப்பவளும் இன்றைக்குச் சூனியக்காரி. 2018-இல் ஒரு வாசனைப்பொருள் கம்பெனி ‘தொடக்கச் சூனியக்காரிப் பெட்டி’ என்று ஒன்றை அந்த விலைக்கு விற்கப் போவதாக அறிவித்தது. சீட்டுக்கட்டு, கல், வாசனைத் திரவியம், ஒரு கட்டு வெள்ளை சேஜ் இலை.

அந்த வெள்ளை சேஜ் எங்கே முளைக்கிறது? தெற்குக் கலிபோர்னியாவிலும் அதையொட்டிய மெக்சிகோ மூலையிலும் மட்டும். சுமாஷ், கவீயா, குமியாய் மக்களின் மருந்து, உணவு, புகை எல்லாம் அது. 1883-இல் அமெரிக்க அரசாங்கம் விதி போட்டு அந்தப் பூர்வகுடிகளின் சடங்குகளையும் வைத்தியர்களையும் குற்றமாக்கியது. அவர்கள் மத உரிமைக்கென்று சட்டம் வந்தது 1978-இல். அந்தச் சமயத்திலெல்லாம் வெள்ளைக்காரப் புதுச் சமயக் கடைகளில் புகைக்கட்டு ஏறிவிட்டது. இப்போது காப்புக் காட்டுக்குள் புகுந்து மூட்டை மூட்டையாகத் திருடி அறுக்கிறார்கள், கைதும் நடந்திருக்கிறது. புகை போட்டதற்காகத் தண்டிக்கப்பட்டவன் பேரனுக்கு இலை இல்லை. நியாயமாகச் சொல்லணும்: அந்தப் பெட்டிக்கு எதிராகப் பூர்வகுடிகளோடு விக்காக்காரர்களும் கத்தினார்கள். கம்பெனி பின்வாங்கியது. வேண்டுமானால் உங்கள் தோட்டத்து ரோஸ்மேரியைப் புகை போடுங்கள் என்று தங்கள் ஆட்களுக்கே சொல்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சு உண்டு.

செடிக்கு ஒரு கிரகம் என்கிற அந்தப் பட்டியல்? அது மந்திரக்காரி வாயிலிருந்து வந்ததல்ல, நிக்கலஸ் கல்பெப்பரின் 1652-ஆம் வருசத்து மூலிகை நூல் வழியாகப் பரவியது. இந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே லத்தீன்தான் தேவபாஷை. லண்டன் மருத்துவர் சங்கத்தின் மருந்து நூல் அதில்தான் பூட்டிக் கிடந்தது. 1649-இல் கல்பெப்பர் அதை ஜனங்கள் பேசுகிற ஆங்கிலத்தில் போட்டு உடைத்தார். சங்கம் கொதித்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே முப்பத்தேழு வயசில் செத்தார். விக்காப் புத்தகங்கள் அவருடைய கிரகத்தை எடுத்துக்கொண்டன. கலகத்தை விட்டுவிட்டன.

எங்க அப்பத்தா பிரசவம் பார்த்தவள். ஊர்த்தெருவில் ராத்திரி வலி எடுத்தால் ஆள் வரும். கொல்லைப்புறமாகத்தான் உள்ளே போகணும். பிள்ளையை வெளியே எடுத்த கை, அந்த வீட்டுச் செம்பைத் தொடக் கூடாது. பல் முளைக்கிற காய்ச்சலுக்குப் பேய்மிரட்டி, காமாலைக்குக் கீழாநெல்லி, எத்தனை இலை, எந்த வயசுக்கு எத்தனை மடக்கு என்று விரலில் கணக்கு வைத்திருந்தாள். ஒரு வீட்டில் பிள்ளை தங்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் செய்வினைக்காரி. அதுவரை பிழைத்த பிள்ளைகளெல்லாம் தெருவில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

தோழிக்கு இதைத்தான் சொன்னேன். சூனியக்காரி என்று பெருமையாகச் சட்டையில் குத்திக்கொள்வதற்கு முன்னால் அந்தச் சொல் யாரைக் கொல்கிறது என்று பாருங்கள். பீகார் 1999-இல், சத்தீஸ்கர் 2005-இல், ஒடிசா 2013-இல் இதற்கென்று தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. அடிபட்டுச் சாகிறவர்களில் ஆதிவாசிப் பெண்கள், தலித் பெண்கள், விதவைகள், கால் ஏக்கர் நிலம் வைத்திருக்கிறவர்கள். அவர்களிடம் போய் இது விடுதலைப் பெயர் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? “நான் அப்படி நெனைக்கல” என்றார். நினைக்கணும் தோழி.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ஃபாக்ஸ்குளோவ் என்கிற செடியின் படம் திறந்திருந்தது. ‘காவலுக்கு’ என்று போட்டிருந்தது. இருதயத்தை நிறுத்தவும் தெரியும், ஓட்டவும் தெரியும் அந்தச் செடிக்கு. அளவில் ஒரு பிசகு, ஆள் காலி. இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்துக் கிழவி ஒருத்திக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. பெரிய டாக்டர்கள் கைவிட்ட நீர்க்கோவை நோயாளிகளை அவள் சில வேளை பிழைக்கவைத்தாள் என்று வில்லியம் விதரிங் என்கிற டாக்டரே எழுதியிருக்கிறார். 1775-இல் அவளுடைய ரகசிய மருந்து அவர் கைக்கு வந்தது. பத்து வருசம் சோதித்து 1785-இல் புத்தகம் போட்டார். அதன் இனச்செடி ஒன்றிலிருந்து எடுத்த டிகாக்சின் இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. விதரிங் பெயர் மருத்துவப் பாடத்தில் இருக்கிறது. கிழவியின் பெயரை அவர் எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரப் படம் வரைந்தபோது அவளுக்கு ஒரு பெயரைக் கற்பனையாக வைத்தது. பல பேர் அதை நிசமென்றே நம்பி எழுதினார்கள்.

அவள் மருந்தில் இருபதுக்கு மேல் மூலிகை இருந்தது. வேலை செய்வது இந்த ஒன்றுதான் என்று டாக்டர் கண்டுபிடித்துக்கொண்டார். மீதி என்னென்ன என்று அந்த இடத்தில் அவர் எழுதி வைக்கவில்லை.