தையல்சிட்டா, அணிலா?

நம்ம திருப்பூருக்கு ஒரு சின்னம் வைக்கணும்னா பலரும் தையல்சிட்டைத்தான் சொல்வாங்க. நியாயம்தான். 10 கிராம்கூட வராத பறவை. பெண் சிட்டு அலகால் இலை ஓரத்தில் துளை போட்டு, பஞ்சும் நாரும் சிலந்தி நூலும் கோத்து இலையைப் பையாக்குகிறது. துளை நுண்ணியது என்பதால் இலை வாடாது; கூடும் பச்சைக்குள் மறைந்துவிடும்.

ஆனா என் ஓட்டு அணிலுக்கு. அது எதையும் தைக்காது. தரையில் ஓடியோடி புல், நார், பஞ்சு, நாம வீசின நூல் என்று பொறுக்கி உருண்டையாகக் கூடு கட்டும்.

நம்ம ஊரிலும் இதே தொழில் இருக்கு. கட்டிங் டேபிளில் மிஞ்சும் பனியன் வேஸ்ட்டை நிறவாரியாகப் பிரித்து, மறுபடி பஞ்சாக்கி, ஓ.இ. மில்லில் நூலாக்குகிறார்கள். நிறம் சரியாகப் பிரிந்தால் அந்த நூலுக்குப் புதுசா சாயம் போட வேண்டியதில்லை. நொய்யலுக்கு அது எவ்வளவு நிம்மதி, யோசிங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றதும் நமக்குத் தோன்றுவது தையல் மெஷின்தான். வேஸ்ட் பிரிக்கிற அக்காக்களோ தரையில் உட்கார்ந்து, பஞ்சுத் தூசியைச் சுவாசித்தபடி, கண்ணால் நிறம் பார்க்கிறாங்க. அவங்க வேலையைப் பறிக்கச் சொல்லல. உயரம் சரியான ஒரு மேசை, தூசியை இழுக்க ஒரு ஃபேன், சந்தேகமான நிறத்துக்கு ஒரு கலர் சென்சார். எல்லாம் நாம படிச்ச பாடம்தானே? இந்த வருஷம் ஒரு டீமாவது அணில் பக்கம் வாங்க.