விழாத ஹெலிகாப்டர்

பயிருக்கு மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர் மின்கம்பியில் சிக்கி விழுந்தால், அதை விபத்து என்கிறோம். 30 நாளில் முதல் அறிக்கை, கூடியமட்டும் ஓராண்டுக்குள் இறுதி அறிக்கை என்பது சர்வதேச விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை.

கேரளத்துக் காசர்கோட்டில் ஹெலிகாப்டர் விழவில்லை. அரசுக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களின் மேல் 1970-களில் தொடங்கி 2000 வரை எண்டோசல்பானைத் தூவிவிட்டுப் பத்திரமாகத் திரும்பிற்று. விழுந்ததெல்லாம் விஷம்! சுற்றுவட்டாரத்தில் ஊனத்தோடு குழந்தைகள் பிறந்தன. குழுக்கள் வந்தன, ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. உச்ச நீதிமன்றத்தின் தடை வந்தது 2011-இல். 5 லட்ச ரூபாய் நஷ்டஈட்டை மூன்று மாதத்துக்குள் கொடுங்கள் என்ற உத்தரவு 2017-இல்.

“நிரூபணம் எங்கே?” என்று இன்னமும் கேட்கும் பெரியவர்களை நான் திருப்பிக் கேட்கிறேன்: நிரூபிக்க வேண்டியவர் யார்? தூவியவரா, தொட்டிலில் கிடந்த குழந்தையா?